ஐந்து வீடு, ஒரே கம்பி செட்: எக்செலா, ட்ரெல்லோவா, மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டா?

வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டரிடம் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் விற்க வருபவர் முதலில் காட்டுவது வசதிப் பட்டியல்தான்: கேன்ட் சார்ட் (வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் படம்), டேஷ்போர்டு, ரிப்போர்ட், மொபைல் ஆப். பட்டியல் நீளத்தைப் பார்த்து வாங்கியவர்களில் பலர் இரண்டாம் மாதமே பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தங்கள் சைட்டில் வேலை எதற்காக நிற்கிறது என்று பார்க்காமல் வாங்கியதுதான் காரணம்.

இங்கே கணக்கில் எடுத்துக்கொள்வது, தரைத்தளமும் முதல் மாடியுமாக மூன்று முதல் ஆறு வீடுகளை ஒரே நேரத்தில் ஓட்டும் சிறிய நிறுவனம். ஆபீஸில் ஓர் இன்ஜினியர், கணக்குக்கு ஒருவர். சைட்டுக்கு ஒரு மேஸ்திரி. சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகையும் முட்டும்), கம்பி, எலக்ட்ரிக், பிளம்பிங், டைல்ஸ் எல்லாம் தனித்தனி செட், அதாவது தனித்தனி ஆள் குழு. அவர்கள் வேறு கான்ட்ராக்டர்களுக்கும் வேலை பார்ப்பவர்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை நிற்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, முன்வேலை முடியவில்லை: சென்ட்ரிங் பிரிக்காமல் கீழ்த்தளச் சீலிங்கைப் பூச முடியாது. இரண்டு, ஆளோ சாமானோ வேறு சைட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று, யாரோ முடிவு சொல்லவில்லை: டைல்ஸ் நிறம், ஸ்விட்ச் பாயின்ட் எங்கே, சமையல் மேடை எந்த உயரம். கடைசியாக முடித்த வீட்டின் வாட்ஸ்அப் குரூப்பை மேலிருந்து கீழே படித்து, சைட் சும்மா கிடந்த ஒவ்வொரு நாளையும் இந்த மூன்றில் ஒன்றின் கீழ் எழுதிப் பாருங்கள். அரை நாள் வேலை. எந்தக் காரணம் அதிகம் என்பதை வைத்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பை விடவே மாட்டோம் என்பவர்கள் விட வேண்டியதில்லை. சைட்டிலிருந்து போட்டோவும் குரல் பதிவும் வர அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் அது தகவல் வரும் வழி. தகவல் தங்கும் இடம் வேறாக இருக்க வேண்டும். “கதவு நிலை எப்ப வரும்?” என்ற கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவே முப்பது போட்டோ வந்து விழுந்துவிட்டால் பதில் வந்ததா இல்லையா என்பதே தெரியாது.

எக்செல், கூகுள் ஷீட்

ஒன்றிரண்டு வீடு ஓட்டுபவருக்கு இதுவே போதும். வேலை எண், பெயர், முன்வேலை, நாட்கள், தொடக்கம், முடிவு, செட், மீதி நாள் என்று எட்டு நெடுவரிசை (காலம்). ஒரு வீட்டுக்கு எழுபது, எண்பது வரிக்கு மேல் போகக் கூடாது. “ஹால் வடக்குச் சுவர் பூச்சு” என்ற அளவுக்கு உடைத்தால் யாரும் புதுப்பிக்க மாட்டார்கள்.

முடிவுத் தேதிக்கு ‘வொர்க்டே.இன்டல்’ (WORKDAY.INTL) ஃபார்முலாவைப் பயன்படுத்துங்கள். வார விடுமுறைக்கான இடத்தில் 11 என்று கொடுத்தால் ஞாயிறு மட்டும் விடுமுறை. காலியாக விட்டால் சனியும் சேர்ந்து போய்விடும். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜைத் தேதிகளைத் தனி ஷீட்டில் எழுதிக் கடைசி இடத்தில் காட்ட வேண்டும். பொங்கலுக்கு அரசு விடுமுறை நாட்களை மட்டும் போட்டால் ஏமாற்றம்தான். ஊருக்குப் போன செட் திரும்பும் நாள் வரை அடைத்துவிடுங்கள்.

இந்த ஃபார்முலா தொடக்க நாளை எண்ணாது. திங்கள் தொடங்கி அன்றே முடியும் வேலைக்கு 1 என்று கொடுத்தால் செவ்வாய் என்று காட்டும். ஆகவே நாட்களில் ஒன்றைக் கழித்துக் கொடுக்க வேண்டும். கழிக்க மறந்தால், ஒன்றன்பின் ஒன்றாக வரும் முப்பது வேலையில் முப்பது வேலைநாள், அதாவது ஐந்து வாரம், எங்கிருந்தோ வந்து கூடி நிற்கும். தொடக்கத் தேதி, முன்வேலை முடிந்ததற்கு அடுத்த வேலைநாள். இரண்டு முன்வேலை இருந்தால் ‘மேக்ஸ்’ போட்டுப் பிந்தியதை எடுக்க வேண்டும்.

கான்கிரீட் இறுகும் நாட்களுக்கு மட்டும் இந்த ஃபார்முலா கூடாது. ஞாயிறு என்று கான்கிரீட் லீவு எடுப்பதில்லை. தேதியோடு 14-ஐ நேராகக் கூட்டினால் போதும். வேலைநாள், காலண்டர் நாள் என்ற இந்த வேறுபாட்டைக் கீழே சொல்லும் பெரிய சாஃப்ட்வேரிலும் பலர் தவறவிடுகிறார்கள்.

ஷீட் உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கம்பி செட் வேலையை மட்டும் பார்க்கலாமென்று யாராவது வரிசையை மாற்றிவிடுவார்கள். முன்வேலையைக் காட்டிய ஃபார்முலாக்கள் வேறு வரியைக் காட்டத் தொடங்கும். தேதிகள் பார்க்க ஒழுங்காகவே இருப்பதால் தவறு வெளியே தெரியாது. வரிசை மாற்றாமல் ஃபில்டர் போடப் பழக்குங்கள். கூகுள் ஷீட்டில் ஃபார்முலா காலங்களுக்குப் பூட்டுப் போட்டு, மீதி நாள் மட்டும் திறந்திருக்க வைக்கலாம். கெட்டுப்போனாலும் பழைய பதிப்புக்குப் போக முடியும்.

ஷீட்டுக்குத் தெரியாத விஷயம், எந்த வேலை தாமதித்தால் கிருகப்பிரவேசம் தள்ளிப்போகும், எது பத்து நாள் தாமதித்தாலும் பரவாயில்லை என்பது. ஐந்து வீட்டுக்கு ஐந்து ஷீட் வைத்தால் ஒரே கம்பி செட்டை ஒரே புதன்கிழமை மூன்று வீட்டில் எழுதி வைத்திருப்பதும் அதற்குத் தெரியாது.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட்லிப்ரே

முன்வேலைக்காக நிற்கும் நாட்கள் அதிகமென்றால் பார்க்க வேண்டியது இந்த வகை. எந்த வேலைக்குப் பின் எது என்று சொல்லிவிட்டால் தேதிகளை அதுவே போடும். ஒன்று தள்ளினால் பின்னால் உள்ளவை தானாகத் தள்ளும். தாமதம் தாங்காத வேலைகளைச் சிவப்பில் காட்டச் சொல்லலாம். தாங்கக்கூடியவற்றுக்கு எத்தனை நாள் இடைவெளி இருக்கிறது என்ற எண்ணும் கிடைக்கும். ஆனால் தவறாகப் போடப்பட்ட திட்டத்தையும் இதே அழகோடுதான் அச்சடித்துத் தரும். எங்கே தவறும் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

ரூஃப் கான்கிரீட்டையே எடுத்துக்கொள்வோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 விதிப்படி 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள ஸ்லாபுக்குக் கீழே தாங்கும் முட்டுக்கால்களை 7 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது; அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கும், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பத்துக்கும் சொன்ன கணக்கு. நம் ஊரில் பெரும்பாலும் ஓடும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு நாட்களை எவ்வளவு கூட்டுவது என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்ல வேண்டும்.

2026 ஜூன் 1, திங்கள்கிழமை ரூஃப் போடுகிறோம், 14 நாள் விட வேண்டும் என்று வையுங்கள். ஜூன் 16 செவ்வாய் காலை பிரிக்கலாம். ப்ராஜெக்டில் இரண்டு வேலைக்கும் நடுவே இடைவெளியாக வெறும் 14 நாள் என்று கொடுத்தால் அது வேலைநாளாக எண்ணும். சாஃப்ட்வேரோடு வரும் காலண்டர் திங்கள் முதல் வெள்ளி வரை என்பதால் ஜூன் 22 திங்கள் என்று காட்டும். சனிக்கிழமையை வேலைநாளாக்கிய பிறகும் ஜூன் 18 வியாழன்தான். நாள் எண்ணுக்குப் பின்னால் இ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்தால்தான் காலண்டர் நாளாக எண்ணி ஜூன் 16-க்கு வரும். இரண்டு ரூஃப் உள்ள வீட்டில் இந்த ஒரு தவறே பன்னிரண்டு நாள். சென்ட்ரிங் ஷீட்டும் ஜாக்கியும் வாடகையில் நிற்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

ரூஃப் போட்டபின் எல்லாம் நிற்காது என்பதையும் திட்டத்தில் காட்ட வேண்டும். மேலே பில்லர் வேலை தொடங்கிவிடலாம். கீழே சீலிங் பூச்சும் அதன்பின் வருபவையும்தான் பிரிப்புக்காகக் காத்திருக்கும். ரூஃப், பிரிப்பு, மேல்மாடி, கீழ்ப்பூச்சு என்று ஒரே சங்கிலியாகக் கோத்துவிட்டால் திட்டம் தேவையில்லாமல் நீளும். மேல் ரூஃபுக்குக் கீழ்த்தள சென்ட்ரிங் சாமானையே பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் கீழ்ப்பிரிப்பிலிருந்து மேல் சென்ட்ரிங்குக்கு இன்னொரு இணைப்பு போட வேண்டும். இந்த இணைப்பைப் பலரும் விட்டுவிடுவார்கள்.

அடுத்த சிக்கல், புதிதாக எழுதும் வேலைகள் 2010 பதிப்பிலிருந்து ‘மேனுவல்’ ஆகவே வருவது. இணைப்பு போட்டிருந்தாலும் பின்வேலை பழைய தேதியிலேயே உட்கார்ந்திருக்கும். திரையின் கீழ்ப்பட்டையில் புதிய வேலைகளை ‘ஆட்டோ’வாக மாற்றிவிட்டுத்தான் முதல் வரியை எழுத வேண்டும்.

ஆட்டோவில் வைத்தபின் தொடக்கத் தேதிக் கட்டத்தில் கையால் தேதி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி அடித்தால் ‘இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே’ என்ற பூட்டு விழுந்துவிடும். முன்வேலை ஒரு வாரம் முந்தி முடிந்தாலும் இது முந்தி வராது. வரியின் ஓரத்தில் சின்னக் காலண்டர் படம் தெரிந்தால் பூட்டு இருக்கிறது என்று பொருள். நல்ல நாள் பார்த்து வைக்கும் நிலை வைப்பு, கிருகப்பிரவேசம் போன்றவற்றை என்ன செய்வது? நிலை வைப்புக்குப் பூட்டு சரிதான், அந்த நாளுக்கு முன் யாரும் வைக்கப் போவதில்லை. கிருகப்பிரவேசத்தை ‘டெட்லைன்’ கட்டத்தில் எழுதுங்கள். டெட்லைன் எந்தத் தேதியையும் நகர்த்தாது. திட்டம் அதைத் தாண்டினால் சிவப்புக் குறி காட்டும். நமக்கு வேண்டியது அந்த எச்சரிக்கைதான்.

ஆள் கணக்கிலும் கவனம் வேண்டும். ‘எஃபர்ட் டிரிவன்’ என்ற டிக் இருந்தால், ஆள் கூடினால் நாள் குறையும் என்று அது கணக்குப் போடும். இரண்டு கொத்தனார் பத்து நாளில் முடிக்கும் பூச்சுக்கு நான்கு பேர் போட்டால் ஐந்து நாள் என்பது ஓரளவு சரி. ஒருவர் ஏழு நாள் தண்ணீர் விடும் கியூரிங்குக்கு இன்னொருவரைச் சேர்த்தால் கான்கிரீட் மூன்றரை நாளில் பதமாகிவிடும் என்றும் அதே சாஃப்ட்வேர் சொல்லும். கியூரிங் போன்றவற்றுக்கு ‘ஃபிக்ஸட் டியூரேஷன்’ வைத்து டிக்கை எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, பின்தங்கிய வேலை பழைய தேதியிலேயே கிடப்பது. ஜூன் 10-க்குள் முடிய வேண்டிய வேலை ஜூன் 20-லும் பாதியில் நிற்கிறது என்றால், மீதிப் பாதி ஜூன் 20-க்குப் பிறகுதான் நடக்க முடியும். ப்ராஜெக்ட் அதைத் தானாக நகர்த்தாது. வாரம் ஒருமுறை நிலவரத் தேதியை (எந்த நாள் வரை நடந்ததைக் கணக்கெடுத்தோம் என்பதை) போட்டு, முடியாத வேலையை அந்தத் தேதிக்குப் பின் தள்ளு என்ற கட்டளையை ‘அப்டேட் ப்ராஜெக்ட்’ பெட்டியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கிருகப்பிரவேசத் தேதி கடைசி மாதம் வரை பத்திரமாக இருப்பதுபோலவே தோன்றும். வேலை தொடங்கும் முன் ‘பேஸ்லைன்’, அதாவது அன்றைய திட்டத்தின் நகல், பதிவு செய்யவும் மறக்கக் கூடாது. ஒரு கோப்பில் 11 பேஸ்லைன் வரை வைக்கலாம். வீட்டுக்காரர் நடுவில் ஓர் அறையைக் கூட்டச் சொன்னால் அப்போது இரண்டாவதைப் பதிந்துகொள்ளுங்கள். தாமதம் யாரால் என்ற பேச்சு வரும்போது கையில் ஏதாவது இருக்கும்.

பொதுவான கம்பி செட் விஷயத்துக்கு ஐந்து வீட்டுக் கோப்புகளையும் ஒரே ‘ரிசோர்ஸ் பூல்’ கோப்போடு இணைக்கலாம். ஒரே நாளில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் சிவப்பில் காட்டும். அதைத் தானாகச் சரிசெய்யும் ‘லெவலிங்’ பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னுரிமை எண் கொடுங்கள். 0 முதல் 1000 வரை. எல்லாமே 500-ல்தான் தொடங்கும். எண் கொடுக்காமல் அழுத்தினால், அடுத்த மாதம் கிருகப்பிரவேசம் வைத்திருக்கும் வீட்டை அது தள்ளிவிடக்கூடும். முரண் எங்கே என்று காட்டுவதற்கு மட்டும் சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு, யார் வீட்டுக்கு முதலில் என்பதை இன்ஜினியரே முடிவு செய்வது மேல். செட் தலைவரிடம் போனில் பேசித்தானே ஆக வேண்டும்.

ப்ராஜெக்டுக்குக் காசு கொடுக்கத் தயங்குபவர்கள் ப்ராஜெக்ட்லிப்ரேயைப் பார்க்கலாம். இலவசம், திறந்த மூலம், 2012-ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் கோப்பைத் திறக்கும். ஆனால் அதே வடிவில் சேமிக்காது, எக்ஸ்.எம்.எல். என்ற பொது வடிவில்தான் திருப்பித் தரும். ஒருவர் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை செய்ய நன்றாக இருக்கிறது. ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கும் இது ஒரு வழி. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டின் டெஸ்க்டாப் செயலி விண்டோஸில் மட்டுமே ஓடும். மைக்ரோசாஃப்டின் ‘ப்ராஜெக்ட் ஆன்லைன்’ சேவையை யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2026 செப்டம்பர் 30-ல் அது நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. டெஸ்க்டாப் செயலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆரக்கிள் நிறுவனத்தின் பிரைமவேரா என்ற திட்ட சாஃப்ட்வேர் மெட்ரோ, மின்நிலையம் போன்ற வேலைகளுக்கானது. டெண்டர் நிபந்தனையில் அதன் கோப்பைக் கேட்டிருந்தால் ஒழிய வீட்டு வேலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. நிலவரத் தேதிக்குப் பின்னால் கிடக்கும் வேலையைக் கணக்கிடும்போதே அது முன்னே தள்ளிவிடும் என்பது மட்டும் பொறாமைப்பட வேண்டிய விஷயம்.

ட்ரெல்லோ போன்ற அட்டைப் பலகைகள்

மூன்றாவது காரணம், யாரோ முடிவு சொல்லாமல் நிற்பது, உங்கள் கணக்கில் அதிகமென்றால் அட்டவணை சாஃப்ட்வேர் எதையும் தீர்க்காது. அதற்குப் பலகைதான். வீட்டுக்கு ஒரு பலகை, அதில் ஐந்து வரிசை: வீட்டுக்காரர் முடிவு, சாமான் வர வேண்டும், இந்த வாரம், நின்றிருக்கிறது, முடிந்தது. ஒரு வேலைக்கு ஓர் அட்டை. அதில் போட்டோ, செக்லிஸ்ட், தேதி, பொறுப்பு. மொபைலில் விரலால் இழுத்தால் போதும் என்பதால் மேஸ்திரியும் பழகிவிடுவார்.

ஓர் அட்டை ஒரு வாரத்துக்குள் முடிய வேண்டும். “முதல் மாடி” என்று அட்டை போட்டால் அது இரண்டு மாதம் ஒரே இடத்தில் நின்று பலகையைப் பார்க்கும் பழக்கத்தையே கெடுத்துவிடும். ‘நின்றிருக்கிறது’ வரிசைக்கு அட்டை போனால் எதற்காக, யார் விடுவிக்க வேண்டும் என்ற இரண்டையும் எழுதாமல் விடக் கூடாது. “மாடி டாய்லெட் டைல்ஸ்: வீட்டுக்காரர் நிறம் சொல்லணும், சனிக்கிழமைக்குள் கேட்கணும்” என்று இருந்தால் அட்டைக்கு மதிப்பு உண்டு. “டைல்ஸ் பெண்டிங்” என்பது வெறும் புலம்பல்.

ஒரு வேலை தள்ளினால் பின்னால் உள்ளவற்றை ட்ரெல்லோ தானாகத் தள்ளாது. டைம்லைன் பார்வையும் பிரீமியம் திட்டத்தில்தான். இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 10 எம்.பி.க்கு மேல் ஏறாது. சைட் வீடியோவெல்லாம் வெளியே நின்றுவிடும். ஒரு வொர்க்ஸ்பேஸில் (நிறுவனத்தின் பலகைகள் சேர்ந்திருக்கும் இடம்) பத்துப் பலகை, பத்துப் பேர் என்பதும் வரம்பு. ஐந்து வீட்டுக்காரர்களையும் ஐந்து மேஸ்திரிகளையும் சேர்த்தாலே அந்தப் பத்து நிரம்பி, ஆபீஸ்காரருக்கு இடமிருக்காது. வீட்டுக்காரரைப் பலகையில் சேர்க்காமல் இருப்பது வேறொரு வகையிலும் நல்லது. சேர்த்தால் ‘நின்றிருக்கிறது’ வரிசையைத் தினமும் பார்த்துப் போன் செய்வார்.

எது யாருக்கு

ஒன்றிரண்டு வீடு என்றால் கூகுள் ஷீட். மூன்றைத் தாண்டி, கம்பி செட்டும் சென்ட்ரிங் சாமானும் பொதுவாக ஓடினால், ஆபீஸில் ஒரே கம்ப்யூட்டரில் ப்ராஜெக்ட் அல்லது ப்ராஜெக்ட்லிப்ரே, சைட்டுக்கு ட்ரெல்லோ. இரண்டிலும் எல்லா வேலையையும் எழுதக் கூடாது. முழுத் திட்டம் ஆபீஸில் மட்டும். அதிலிருந்து அடுத்த இரண்டு வாரத்து வேலைகளை மட்டும் சனிக்கிழமைதோறும் அட்டைகளாகப் போட வேண்டும். மொத்தத் திட்டத்தையும் பலகையில் கொட்டியவர்கள் இரண்டு இடத்திலும் தேதி மாற்ற முடியாமல், இரண்டையுமே கைவிடுவார்கள்.

புதுப்பிக்கப் போவது யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் எதையும் வாங்க வேண்டாம். மேஸ்திரியிடம் சதவீதம் கேட்பதில் பயனில்லை. எந்த வேலையும் 90 சதவீதத்தில் இரண்டு வாரம் நிற்கும். மாலை ஆறு மணிக்கு ஒரு குரல் பதிவு, மூன்று கேள்வி: இன்று எது முடிந்தது, எது எதற்காக நிற்கிறது, ஓடும் வேலைக்கு இன்னும் எத்தனை நாள். “சார், வெளிப்பூச்சு இன்னும் மூணு நாள் ஆகும், சாரத்துக்குக் கம்பு பத்தல” என்று வந்தால் போதும். ஆபீஸில் இருப்பவர் மீதி நாள் கட்டத்தில் 3 என்று எழுதிவிட்டு, கம்புக்கு ஓர் அட்டை போடுவார். ஐந்து வீட்டுக்குச் சேர்த்து அரை மணி நேரம்.

ஆர்டர் கொடுக்கும் வேலைகளையும் வரிகளாக எழுதுங்கள். சுவர் கட்டும்போதே நிலை வேண்டும். அப்படியானால் ஆசாரியிடம் மரம் கொடுக்கும் நாள் அதற்கு எத்தனை வாரம் முன்? ஜன்னல், கிரில், சமையலறைக் கிரானைட், இ.பி. நிரந்தர இணைப்புக்கான விண்ணப்பம் எல்லாம் இப்படித்தான். வங்கிக் கடனில் ஓடும் வீடாக இருந்தால் பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் என்று பணம் வரும் கட்டங்களைப் பூஜ்ய நாள் வேலையாக, அதாவது மைல்ஸ்டோனாக வையுங்கள். பணம் வரும் தேதி தள்ளிப்போவதும் அப்போது திட்டத்திலேயே தெரியும்.

காசு கட்டும் முன் சோதனை ஓட்டக் காலத்தில் புது வீட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். முடித்துக் கொடுத்த வீடு ஒன்றை, நடந்தது நடந்தபடி ஏற்றுங்கள். கீழ் ரூஃபைப் பத்து நாள் தள்ளி வைத்து, கிருகப்பிரவேசத் தேதி எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். நகரவே இல்லை என்றால் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, அல்லது கையால் அடித்த தேதி பூட்டிக் கிடக்கிறது. பத்து நாளைவிட அதிகமாக நகர்ந்தால் காலண்டரில் உள்ள விடுமுறைகளைப் பாருங்கள். வழியில் பொங்கலோ தீபாவளியோ இருந்தால் அது சரியான கணக்காகவே இருக்கலாம். கடைசியாக அந்தக் கோப்பை எக்செலுக்கோ எக்ஸ்.எம்.எல்.லுக்கோ வெளியே எடுத்து வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். சந்தா முடிந்த பிறகும் கையில் இருக்கப்போவது அது மட்டும்தான்.